வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அரசியல் விசாரணை வேண்டாம்

காஸா போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வளாகங்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டார்கள். கூடாரங்கள், கைதுகள், பதவி விலகிய பல்கலைக்கழகத் தலைவர்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. அந்த வளாகங்களில் படிக்கிற யூதப் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள், பண்டிகை வந்தால் என்ன செய்கிறார்கள், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யாரிடம் போகிறார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. மேற்படிப்புக்காக அங்கே இருந்த காலத்தில் ஹில்லெல் என்ற யூத மாணவர் இல்லத்துக்கு அடிக்கடிப் போய்ச் சாப்பிட்டவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அது மாணவர்களின் வீடு. அதன் வாசலில் நின்று "இஸ்ரேலைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் உரிமை வெளியே இருப்பவர்களுக்கும் கிடையாது, உள்ளே இருப்பவர்களுக்கும் கிடையாது.

அந்த வீடு எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதல் ஹில்லெல் தொடங்கியது. விவிலிய இலக்கியம் நடத்திய எட்வர்ட் சான்சி பால்ட்வின் ஒரு கிறிஸ்தவர். தன் வகுப்பிலிருந்த யூத மாணவர்களுக்குத் தங்கள் மரபே தெரியவில்லையே என்று வருந்தி, இவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று யூதப் பெரியவர்களை வற்புறுத்தியவர் அவர். பொறுப்பேற்றவர் பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ரப்பி, அதாவது யூத மதகுரு. நான்கே ஆண்டுகளில், முப்பது வயதில், அவர் இறந்துபோனார். அதற்குள் பினாய் பிரித் என்ற யூத அமைப்பு அந்த முயற்சிக்குக் கைகொடுத்து, வேறு பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுபோயிருந்தது. இன்று 800-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஹில்லெல் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் கிழக்குக் கரையில் நடந்தது வேறு கதை. ஹார்வர்டில் 1900 வாக்கில் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல், அதை 15 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்றார். யூதர்கள் எண்ணிக்கை கூடினால் யூத வெறுப்பும் கூடும், அதனால் இது அவர்கள் நன்மைக்கே என்பது அவர் சொன்ன நியாயம்! ஆசிரியர் குழு அதை வெளிப்படையாக ஏற்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் மாறியது. இனம், மதம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தந்தை பிறந்த ஊர் எல்லாம் கேட்டார்கள். உன் பெயரோ உன் தந்தையின் பெயரோ எப்போதாவது மாற்றப்பட்டதா என்றும் கேட்டார்கள். பிறகு புகைப்படமும் 'குணநலனும்' சேர்ந்துகொண்டன. பெயரின் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று துழாவும் கேள்வி எதற்கு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யேலில் இந்த வடிகட்டல் 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது. யூதப் பிள்ளைகள் அதிகம் படித்த லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளிலிருந்து 1950-களில் மாணவர்களை வேண்டுமென்றே குறைத்ததற்காக ஸ்டான்ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டது 2022-இல்தான். மாணவர் சங்க விடுதிகளும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் யூத மாணவர்கள் ஜீட்டா பீட்டா டாவ் போன்ற தனிச் சங்கங்களைத் தொடங்கினார்கள். இன்னார் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு எதுவும் இல்லாத பல்கலைக்கழகமாக 1948-இல் பிராண்டைஸை நிறுவினார்கள். அங்கே யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் வழிபாட்டு இல்லங்கள் மூன்றும் ஒரு குளத்தைச் சுற்றி நிற்கின்றன, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி. கதவடைப்பை அனுபவித்தவர்கள் கட்டிய இடத்தில் இவ்வளவு யோசனை இருந்திருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் மரியாதை.

வெள்ளிக்கிழமை மாலைக்கு வருகிறேன். யூதர்களின் வார ஓய்வுநாள் அன்று சூரியன் மறையும்போது தொடங்கி மறுநாள் இரவு முடியும். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். டிசம்பரில் அது நாலரை மணிக்கே வந்துவிடும். ஆய்வகத்திலிருந்து ஓடிவருபவர்கள் பையைக் கழற்றாமலேயே, அலுமினியத் தாள் விரித்த தட்டிலிருக்கும் சின்ன விளக்குகளை ஏற்றுவார்கள். அப்புறம் மூன்று அறைகளில் மூன்று தொழுகை. பழைய மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் அறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு, இசைக்கருவி கிடையாது. காலத்துக்கேற்ப மாறிய ரிஃபார்ம் பிரிவின் பக்கத்து அறையில் கிதார் ஒலிக்கும், அது சுவர் வழியாக இங்கேயும் கேட்கும். கன்சர்வேட்டிவ் அறை இரண்டுக்கும் நடுவிலான வழி. கடவுளை எப்படி வணங்குவது என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள்! ஆனால் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒரே மேசைக்குத்தான் வருகிறார்கள். துணியால் மூடிய இரண்டு சல்லா ரொட்டி, திராட்சைச் சாறு. இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவிய பிறகு, ரொட்டிக்கான வாழ்த்தைச் சொல்லி ஒரு துண்டு வாயில் போடும் வரை யாரும் பேச மாட்டார்கள். இருநூறு பேர் கூடிய கூடத்தில் அந்த இரண்டு நிமிட அமைதி, ரொட்டியைப் பிய்த்த மறுகணம் கிளம்பும் இரைச்சல், இரண்டையும் நேரில்தான் பார்க்க வேண்டும்.

அதே வளாகத்தில் சபாத் (Chabad) என்ற ஆர்த்தடாக்ஸ் இயக்கத்தின் இல்லம் இருந்தால் அங்கே காட்சி வேறு. ஒரு ரப்பியும் அவர் மனைவியும் தங்கள் சொந்த வீட்டில், குழந்தைகள் மேசைக்கடியில் ஓட, மாணவர்களுக்குச் சமைத்துப் போடுவார்கள். 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், முதல் இல்லம் தொடங்கியது.

வெளியில் தெரியாத வேலைகள்தான் இந்த அமைப்புகளின் உயிர். ஒன்று சொல்கிறேன். ஓய்வுநாள் தொடங்கியபின் ஆர்த்தடாக்ஸ் மாணவர்கள் மின்சாரக் கருவி எதையும் இயக்க மாட்டார்கள். விடுதிக் கதவோ அட்டை தேய்த்தால் திறப்பது. என் விடுதியில் இருந்த பெண் வெள்ளிக்கிழமை இரவுகளில் பனியில் நின்று, யாராவது உள்ளே போகும்போது கூடவே நுழைவாள். திறந்துவிடு என்று நேரடியாகக் கேட்பதையும் தவிர்ப்பாள். ஹில்லெல் ஊழியர்கள் விடுதி நிர்வாகத்திடம் நடையாய் நடந்து அவளுக்கு ஒரு சாதாரணச் சாவி வாங்கிக் கொடுத்தார்கள். சாவி கையில் வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, மாணவர் நலன் என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று. பெற்றோரை இழந்தவர்கள் பதினொரு மாதம் கதிஷ் என்ற துதியைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். அப்பாவை இழந்த ஒரு நண்பனுக்கு, தேர்வு வாரத்தின் காலையில், "இன்னும் இரண்டு பேர் வேண்டும்" என்று குழுவில் செய்தி போகும். தொழுகைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இரவு உடையோடு வந்து நிற்பார்கள். இஸ்ரேல் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரும் அந்தப் பத்தில் இருந்தார். இஸ்ரேலை எதிர்த்துப் பதாகை பிடிப்பவரும் இருந்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இனி மனத்தாங்கலைச் சொல்கிறேன். காஸாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துக் கொதிப்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் போரை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மாணவர் இல்லத்தை இஸ்ரேல் தூதரகம் போல நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. 2023 அக்டோபர் கடைசியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சமைக்கும் உணவுக்கூடத்தைச் சுடுவேன் என்று இணையத்தில் மிரட்டல் வந்தது. எழுதிய மாணவருக்கு 2024-இல் 21 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது சோறு சாப்பிடும் இடம், ஐயா! அங்கே தட்டோடு வரிசையில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை எந்த நாட்டுக்கும் குண்டு போடவில்லை.

உள்ளே இருப்பவர்கள் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஹில்லெல் தலைமை 2010-இல் இஸ்ரேல் தொடர்பான விதிகளை வகுத்தது. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்பவர்களோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாது, அவர்களுக்கு மேடை கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஸ்வார்த்மோர் கல்லூரியின் யூத மாணவர்கள் 2013-இல், எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். 2015-இல் அவர்கள் ஹில்லெல் என்ற பெயரையே விட வேண்டியதாயிற்று. தன் மரபைப் பற்றிக் கவலைப்பட்டு விவாதிக்க வருகிற பிள்ளையை வெளியே நிறுத்தினால், பால்ட்வினும் ஃபிராங்கெலும் யாருக்காக அலைந்தார்கள்? நன்கொடையாளர்களின் அழுத்தம் இருக்கும், புரிகிறது. அதற்காகப் பிள்ளைகளைத் தரம் பிரிக்க முடியாது.

2024 ஏப்ரல் 22, பாஸ்கா பண்டிகையின் முதல் இரவு. கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில், போர் எதிர்ப்புக் கூடாரங்களுக்கு நடுவே யூத மாணவர்கள் தரையில் அமர்ந்து, சேதர் என்ற பாஸ்கா சடங்கு விருந்தை நடத்தினார்கள். அதே இரவில் உலகெங்கும் ஹில்லெல், சபாத் இல்ல மேசைகளிலும் அதே சேதர்தான் நடந்தது. அந்தச் சடங்கின் தொடக்கத்திலேயே ஒரு அழைப்பு உண்டு. பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்று அரமேய மொழியில் சொல்வார்கள். புல்வெளியில் இருந்தவர்களும் சொன்னார்கள், மேசையில் இருந்தவர்களும் சொன்னார்கள். ஹில்லெல் தலைமையிடம் நான் கேட்பதெல்லாம், அந்த அழைப்புக்குக் கீழே நிபந்தனை எழுதாதீர்கள் என்பதுதான்.

ஆகஸ்டில் அமெரிக்கா போகிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை விருந்துக்கு உங்கள் வகுப்புத் தோழர் கூப்பிட்டால் போங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பால் உணவு பரிமாறும் நாளாகப் பார்த்துப் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம், கோஷர் விதிப்படி அன்று இறைச்சி கலக்காது (மீனும் முட்டையும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்). டார்ட்மத் கல்லூரியில் கோஷர், ஹலால், இந்து சைவ உணவு மூன்றையும் ஒரே கூடத்தில் பரிமாறியதும் உண்டு. பெயரை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், ஓய்வுநாளில் பணம் வாங்க மாட்டார்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள், படம் எடுக்காதீர்கள். வீட்டில் சமைத்ததை எடுத்துப் போகாதீர்கள், அந்தச் சமையலறைக்குள் வெளிச்சமையல் போகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊர், படிப்பு, அம்மா வைக்கும் குழம்பு என்று எதை வேண்டுமானாலும் பேசுங்கள். இஸ்ரேலைப் பற்றி அவரே பேச்செடுத்தால் நீங்கள் நினைப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் எடுக்காவிட்டால் நீங்களும் எடுக்காதீர்கள்.