சாவிக்கொத்து யார் இடுப்பில்?

எங்கள் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே சித்தப்பா கேட்டார்: "பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?" உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆக, உடன்பிறந்த மூவரும் சம பங்குக்காரர்கள். அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அப்படியும் கேஸ் நடந்தது. யாருக்கு எவ்வளவு என்பதற்காக அல்ல, பிரித்துக் கொடுக்கும்வரை யார் கையில் இருப்பது என்பதற்காக.

தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். இறந்தவருக்கு வரவேண்டியதை வசூலிக்க, அவர் வைத்துவிட்டுப் போன கடனையும் வரியையும் கட்ட, மிச்சத்தைப் பங்கிட ஓர் ஆள் வேண்டும். உயில் எழுதி அதில் ஒருவரை நியமித்திருந்தால் அவர்தான் எக்ஸிகியூட்டர். உயில் இல்லாமல், வாரிசுகளும் ஒத்துவராமல் போனால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்', அதாவது சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் உத்தரவு, கேட்க வேண்டும். அப்படி நியமிக்கப்படுகிறவர் காவல்காரர், முதலாளி அல்ல. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் வைக்க வேண்டிய காவல்காரர். இவ்வளவு பொறுப்புள்ள வேலைக்கு இத்தனை போட்டி வருகிறது என்றால், கணக்குக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம் என்பேன்.

ஜெயலலிதா விஷயத்தையே பாருங்கள். 2016 டிசம்பர் 5 அன்று இறந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. தமிழ்நாட்டில் அன்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது அரசியல் வாரிசு யார் என்று. சட்ட வாரிசு யார் என்ற கேள்வி ஓரமாக உயர் நீதிமன்றத்தில் கிடந்தது. அவருடைய சொத்துகளை நிர்வகிக்க ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் இருவர் மனுப் போட்டார்கள். மனுவில் சொன்ன மதிப்பு 913 கோடி ரூபாய்க்கு மேல். கவனியுங்கள், சொத்து தங்களுடையது என்று அவர்கள் சொல்லவில்லை. நிர்வாகத்தை மட்டும்தான் கேட்டார்கள். அத்தையும் பீரோவைக் கேட்கவில்லை, சாவியைத்தான் வைத்துக்கொண்டார்.

2020 மே 27 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த மனுவை ஏற்காமல், அண்ணன் பிள்ளைகளான தீபாவுக்கும் தீபக்குக்கும் நிர்வாக உரிமையைக் கொடுத்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பெண் உயில் இல்லாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும், பிறகு கணவரின் வாரிசுகள், பிறகு தாய் தந்தை, அவர்களும் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகள். ஆகவே சட்டம் என்ன செய்கிறது என்றால், ஜெயலலிதா குழந்தையாக இருந்தபோதே இறந்துபோன அப்பாவை ஒரு நிமிடம் எழுப்பி, மகளுக்கு அடுத்து இப்போதுதான் செத்தார் என்று வைத்துக்கொண்டு, அவருக்கு யார் வாரிசு என்று பார்க்கிறது. மகனும் போய்விட்டதால் மகனின் பிள்ளைகள். கட்சியில் எத்தனை வருடம் கூட இருந்தாலும் அந்த வரிசையில் இடம் கிடையாது.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். என் வருத்தம் வேறு. மூன்றரை வருடம் அந்தச் சொத்துக்கு முறையான நிர்வாகி இல்லை. தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்னால்தான், மே 22 அன்று, ஜெயலலிதாவின் வீடான வேதா நிலையத்தை நினைவில்லமாக்க அரசு அவசரச் சட்டம் போட்டது. வீட்டுக்காக அரசு நீதிமன்றத்தில் கட்டியது சுமார் 68 கோடி. அதில் 36 கோடிக்கு மேல் வரி பாக்கிக்கு என்று ஒதுக்கப்பட்டது. அப்புறம் 2021 நவம்பரில் அந்தக் கையகப்படுத்தலும் ரத்தாகி, டிசம்பரில் சாவி அண்ணன் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஐந்து வருடம்!

இதுவே குறைவு. கொல்கத்தாவில் பிரியம்வதா பிர்லா 2004இல் இறந்தார். பல ஆயிரம் கோடிச் சொத்தை ஆடிட்டர் லோதாவுக்கு எழுதிவைத்ததாக 1999ஆம் ஆண்டு உயில் ஒன்று வந்தது. பிர்லா குடும்பம் எதிர்த்தது. வழக்கு முடியாமலே 2008இல் லோதாவும் போய்ச் சேர்ந்தார், அவர் மகன் தொடர்ந்தார். வழக்கு முடியும்வரை பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. சரி, நிம்மதி என்று நினைத்தால், அந்தக் குழுவின் அதிகாரம் எதுவரை என்று அதற்கொரு தனி வழக்கு.

ஆனாலும் அந்த இடைக்கால நிர்வாகி ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். முதலில் சொன்ன 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 247ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பங்கு பிரிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, நீதிமன்றத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சண்டை என்று வந்த முதல் மாதத்திலேயே, பங்கில்லாத ஒருவரை, சம்பளம் கொடுத்தாவது போட்டுவிட வேண்டும். பங்குக்காரர் ஒருவர் கையில் சாவி இருக்கும்வரை அவருக்கு வழக்கு முடிய வேண்டும் என்ற அவசரமே வராது. வாய்தா மேல் வாய்தா அவருக்கு லாபம். வாடகையைக் கேட்டால், "கேஸ் நடக்குதுல்ல, முடியட்டும்" என்பார். பங்காளியை நம்பாமல் மூன்றாம் மனுசனை உள்ளே விடுவதா என்று நம் வீடுகளில் கோபப்படுவார்கள், தெரியும். பங்காளியை நம்பியிருந்தால் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டோமே.

எங்கள் வீட்டு வழக்கில் அப்பா மனுப் போட, சித்தப்பா ஆட்சேபம் போட, அது முழு வழக்காக மாறி ஒன்பது வருடம் ஓடியது. கடைசியில் அலுத்துப்போய்ச் சமாதானம் பேசி, வீட்டை விற்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். சாமான்களைச் சீட்டுப் போட்டுக் குலுக்கியதில் பீரோ சித்தப்பாவுக்கு விழுந்தது. அது இன்னும் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூட்டியபடி நிற்கிறது. சாவி அத்தையிடம்.