படிப்பு மட்டும் போதாது

அமெரிக்காவில் இறுதிச்சடங்குத் தொழிலுக்கு இரண்டு வருடப் படிப்பு இருப்பதாக ஒரு கட்டுரையில் படித்தேன். இதற்கெல்லாம் படிப்பா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். அங்கே சின்சினாட்டி நகரத்தில் இதற்கென்று 1882லேயே கல்லூரி வந்துவிட்டது. உடற்கூறியல், உடலைப் பதப்படுத்துவது, விபத்தில் சிதைந்த முகத்தை மெழுகால் சீராக்குவது எல்லாம் பாடம்தான்.

ஆனால் அந்தக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன பயிற்சிக் காலம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல மாநிலங்களில் உரிமம் பெற்றவரின் கீழ் ஒரு வருடமாவது வேலை பார்க்க வேண்டும். இமைக்கு அடியில் சின்ன பிளாஸ்டிக் மூடி வைத்து, கண் திறக்காமல் பார்த்துக்கொள்வதைப் புத்தகத்திலேயே படித்துவிடலாம். சட்டப்படி விலைப்பட்டியலையும் கையில் கொடுத்தாக வேண்டும், சரி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதை எப்படி நீட்டுவது? சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

கொலராடோ மாநிலத்தில் பல வருடம் இந்த உரிமமே தேவைப்படவில்லை. அங்கே ஒரு இறுதிச்சடங்கு நிறுவனம் உடல்களை அழுகவிட்ட வழக்கு வெடித்த பிறகு, 2024ல்தான் சட்டம் போட்டார்கள். அதுவும் கட்டாயமாவது 2027 முதல்தான்.