தடமா, கோரைக்காடா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இட்டேரியிலிருந்து (இருபக்கமும் வேலியுள்ள மண்பாதை) ஏறிவரும் தடம் நாற்பதடிதான். ஆனால் நல்ல சரிவு. கொட்டிய ஜல்லியை ஐப்பசி மழை வருஷா வருஷம் வாரிக்கொண்டு போய் கேட்டடியில் குமித்துவிடும். நானும் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொட்டுவேன்.

மழை விட்டால் கோரை. பிடுங்கினால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சௌக்கியமாக இருக்கும். பத்தே நாளில் ஜல்லி இடுக்கில் ஊசி ஊசியாக நிற்கும். களைக்கொல்லி அடிக்கலாமென்றால் ஓரத்திலேயே எருமை மேய்கிறது.

சரி, சிமெண்ட் தளமே போட்டுவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். "மேலயே குறுக்க வாய்க்கா வெட்டித் தண்ணிய தென்னைக்குத் திருப்போணுமுங்க. தளத்துல வரிவரியா கீறி விடோணும், இல்லீன்னா வண்டி வழுக்குமுங்க" என்றார். நியாயமான பேச்சு. அட்வான்சும் வாங்கிக்கொண்டார். "நாளைக்கு வந்தர்றனுங்க" என்று போனவர்தான். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது.

நேற்று சின்னம்மா வந்தார். திண்ணையில் உட்கார்ந்து செருப்பிலிருந்து நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, தடம் எந்தப் பக்கம்?"