ஒரு நம்பரை மாற்றுகிற வேலை இல்லை அது

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "பாம் ஃபைலில் ஒரு நம்பரைத்தானே மாற்றினீர்கள், பில்டு பாஸ் ஆகிவிட்டதே, அப்புறம் ஏன் இன்னும் எரர் வருகிறது?" எங்கள் ஜாவா ஆப்புக்கு அடித்தளமான ஸ்பிரிங் பூட்டைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றியதைப் பற்றிய கேள்வி அது. எந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் வேண்டும் என்று எழுதிவைக்கும் ஃபைல்தான் பாம். கோடை கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, ஆப்பாகக் கட்டுவது பில்டு. அத்தனை பேர் முன்னால் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. அங்கே பதில் சொல்ல விடவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

கம்பைல் ஆவது வேறு, ஓடுவது வேறு.

ஸ்பிரிங் பூட் 2.7-இலிருந்து 3-க்குப் போனால் மாறுவது ஒரு நம்பர் இல்லை. நிறுவனங்களின் ஆப்களுக்கான ஜாவா தரமான ஜாவா ஈஈ-யை ஆரக்கிள் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுத்தது, ஆனால் அதன் பேக்கேஜ்களுக்கு (கோடைப் பிரித்து வைக்கும் தொகுப்புகளுக்கு) இருந்த ஜாவாக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு மேற்கொண்டு மாற்றங்கள் செய்ய உடன்பாடு ஏற்படவில்லை. அதனால் ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறிய அதன் 9-ஆம் வெர்ஷனில், 2020-இல், பேக்கேஜ் பெயர்களும் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று மாறின. 2022 நவம்பரில் வந்த பூட் 3 அதன் மேல்தான் நிற்கிறது. நம் கோடில் இருக்கும் பெயர்களை மாற்றிவிடலாம். யாரோ எப்போதோ கம்பைல் செய்து கொடுத்த பழைய ஜாருக்குள் (லைப்ரரி ஃபைலுக்குள்) இருக்கும் ஜாவாக்ஸ் சர்வ்லெட் என்ற பழைய பெயரை யார் மாற்றுவது? பில்டு அதைக் கண்டுகொள்ளாது. ஆப் ஓடும்போது அந்த கிளாஸைத் தேடும், கிடைக்காது, விழும்.

பூட் 3-உடன் வரும், டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான ஹைபர்னேட் 6 இன்னும் மோசம். ஆப் அழகாக எழுந்து நிற்கும், தேடினால் பழைய தகவல் எல்லாம் வரும். புதிதாக ஒரு ரெக்கார்டு சேமிக்கும்போதுதான் டேட்டாபேஸ் "அப்படி ஒரு சீக்வென்ஸ் இல்லை" என்று சொல்லும். சீக்வென்ஸ் என்பது ஒவ்வொரு புது ரெக்கார்டுக்கும் அடுத்த எண்ணைத் தருவது. முன்பு எல்லா டேபிளுக்கும் பொதுவாக ஒரே சீக்வென்ஸைப் பயன்படுத்திய ஆட்டோ முறை (எண்ணை எப்படிக் கொடுப்பது என்று ஹைபர்னேட்டே முடிவு செய்வது), இப்போது ஒவ்வொரு என்டிட்டிக்கும், அதாவது டேபிளில் சேமிக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும், தனித்தனியாக எதிர்பார்க்கிறது. இது எந்தக் கம்பைலருக்குத் தெரியும்?

எங்கள் டீமின் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் சில அழைப்புகள் மட்டும் 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று திரும்பின. லாகில் எரர் இல்லை, எரர் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் காட்டும் ஸ்டாக் டிரேஸும் இல்லை. ராத்திரி முழுக்க, வந்த அழைப்புகளையெல்லாம் பதிவு செய்யும் ஆக்சஸ் லாகில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள். விழுந்த யூஆர்எல் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு சாய்கோடு. பழைய ஸ்பிரிங் அதைப் பொருட்படுத்தாது, பூட் 3-க்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் 6-இல் அந்த இயல்பு மாறிவிட்டது. மறுநாள் அவளிடம் கேட்டது "இதை யார் உடைத்தது?" என்றுதான். "நல்லா கண்டுபிடிச்சே" என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் மைக்கை அணைத்துவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"டெஸ்ட் எழுதியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்" என்பீர்கள். சரிதான். டெஸ்ட் எழுத நேரம் கேட்டபோதெல்லாம் "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்றவர்களும் அதே மீட்டிங்கில்தான் இருந்தார்கள். "ஓப்பன்ரீரைட் தானாக மாற்றித் தருமே" என்பார்கள். கோடைத் தானாகத் திருத்தும் அந்தக் கருவி நம் கோடை மாற்றும். அடுத்தவர் ஜாரையும், வெளியாட்கள் கூப்பிடும் யூஆர்எல்லையும் அது எப்படி மாற்றும்? "பழைய வெர்ஷனிலேயே இருந்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: 2.7-க்கான இலவச ஆதரவு 2023 நவம்பரோடு முடிந்தது. நாளை அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? எங்களைத்தான்.

திரும்பவும் சொல்கிறேன், கம்பைல் ஆனதும் வேலை முடிவதில்லை. அங்கேதான் தொடங்குகிறது. ஒரு எரர் வந்தால் ஸ்டாக் டிரேஸின் கீழே வரை போய் கடைசிக் காரணத்தைப் படிக்க வேண்டும். எந்த ஜார் எந்த வெர்ஷனை உள்ளே இழுக்கிறது என்று டிபென்டென்சி மரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் அடுத்தது தெரியும். இதற்குத் தேதி கேட்கிறீர்கள்!

புது ஸ்கிரீன் போட்டவனுக்குக் கைதட்டல். இருக்கிற சிஸ்டம் விழாமல் காப்பாற்றியவளுக்கு விசாரணை. வருஷக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். அப்ரைசல் படிவத்தில் "என்ன புதிதாகச் செய்தாய்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, எதை விழாமல் பிடித்தாய் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. இந்த முறை அவள் படிவத்தில் அந்தச் சாய்கோட்டைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

பூட் 4-ம் வந்துவிட்டது. எத்தனை நாள் ஆகும் என்று சீக்கிரமே கேட்பார்கள். டெஸ்டுக்கு ஆள் கொடுங்கள், அப்புறம் தேதி சொல்கிறேன் என்று இந்த முறை மெயிலிலேயே எழுதிவிடுவேன்.