எங்கள் வீட்டுத் தூணும் பர்மாக்காரன் வயலும்

போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்காளி வீடு ஒன்றைப் பிரித்துவிட்டார்கள். எட்டுப் பங்கு, ஆளுக்கொரு ஊர், விளக்கேற்ற ஆள் இல்லை. வழக்கமான கதைதான். இரண்டாம் கட்டுத் தூண்களை லாரியிலிருந்து இறக்கி, டேப் வைத்து அளந்து, கன அடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர். ஒரு தூணின் அடியை லேசாக இழைத்துப் பார்த்தார். தொண்ணூறு வருஷத்து மரம், எண்ணெய் வாசனை அப்படியே எழும்பியது. "பர்மா மரம்ணே, இனி நெனச்சாலும் கெடைக்காது" என்றார்.

பக்கத்தில் நின்ற பங்காளி அண்ணன் பெருமூச்சு விட்டார். "நம்மள வெறுங்கையோட வெரட்டுனான்ல, அந்தப் பாவம்தான் இன்னைக்கு வரைக்கும் அந்த நாடு உருப்படல."

பர்மாவில் (இன்றைய மியான்மர்) வட்டிக்கடை நடத்திய எங்கள் செட்டியார்களை அந்த நாட்டுக்காரன் விரட்டிவிட்டான் என்ற இந்தப் பேச்சை எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் தவறாமல் கேட்கலாம். கவுனி அரிசி இலையில் விழும்போது ஆரம்பிக்கும். (கவுனியும் அங்கிருந்து வந்ததுதான்.) எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நேரில் சொன்னால் மனஸ்தாபம் ஆகும். அண்ணன் முகநூலில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாட்டின் அமைப்பைப் பாருங்கள். ஐராவதி வடக்கிலிருந்து தெற்கே ஓடி, கடலைத் தொடும் முன் பல கிளைகளாகப் பிரிகிறது. 1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தபோது அந்தக் கழிமுகத்தில் பெரும்பகுதி சதுப்பும் காடும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி சுருங்கியது. காடு வெட்டவும், மாடு வாங்கவும், நடவுக் கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். வெள்ளைக்காரன் வங்கி விவசாயிக்குக் கடன் கொடுக்காது. நம் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள். 1930 வாக்கில் பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அரசாங்க விசாரணை அறிக்கையே சொல்கிறது. எண்பது வருஷத்தில் கீழ் பர்மாவின் நெல் பரப்பு பத்து மடங்கானது. உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது, வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். இதில் நம் பங்கு பெரியது. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடக் கூடாது இல்லையா?

1930-ல் உலக மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது, கடன் மட்டும் அப்படியே நின்றது. அந்த வருஷம் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம், கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். நம் ஆட்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, பணமாகத்தான் கேட்டார்கள் என்பதும் உண்மை. வட்டிக்கடைக்காரனுக்கு வயல் எதற்கு? ஆனாலும் வயல் வந்தது, உழுதவன் குத்தகைக்காரன் ஆனான்.

என் ஐயா (தாத்தா) 1934-ல் கழிமுகத்துப் பியாப்பொன் பக்கம் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போனவர். அப்போது வயது 14. நிலத்தை எழுதிக் கொடுக்க வருகிறவர்களுக்கு மைக்கூட்டை நீட்டுவது அவர் வேலை. "நம்ம ஊர் மாதிரி கைநாட்டு இல்லப்பா, அங்க அநேகம் பேரு கையெழுத்தே போடுவாக. பிக்கு மடத்துல படிச்சது. ஜிலேபி சுத்துன மாதிரி வட்ட வட்டமா இருக்கும்" என்பார். எழுதி முடித்ததும் பேனாவைத் துடைத்து அவரிடமே திருப்பிக் கொடுப்பார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் ஐயா கொஞ்சம் நிறுத்துவார்.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். ஐயா ப்ரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து டவுங்குப் போய், சிட்டகாங் சேர்ந்து, ஊருக்கு வந்தார். நடந்து வந்ததால் அவருக்கு அந்த நாட்டின் வடிவம் தெரியும். "நடுவுல ஆறும் வயலும், சுத்தி லாடம் அடிச்ச மாதிரி மலை." பர்மிய அரசியலுக்கு இதைவிடச் சுருக்கமான வரைபடம் நான் பார்த்ததில்லை. சமவெளியில் பர்மியர்கள், மலைகளில் ஷான், கச்சின், சின், கரென் என்று வேறு வேறு மக்கள். 1947 பிப்ரவரியில் பாங்லாங் ஊரில் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டார் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான். ஜூலையில் அவரைச் சுட்டுவிட்டார்கள். 1948 ஜனவரி 4-ல் சுதந்திரம். அந்த வருஷம் தொடங்கிய சண்டை வெவ்வேறு பெயரில் இன்னும் ஓடுகிறது.

அதே 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. நம்முடைய ஏக்கர்கள் போயின. சரி, போகட்டும். உழுதவனுக்குத்தானே போனது என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நிலத்துக்கு உடைமையாளர் அரசாங்கம், அவனுக்கு உழும் உரிமை மட்டும். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும் தனியார் நெல் வியாபாரமே நின்றது. விளைந்ததை அரசு சொன்ன அளவு, அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். செட்டியாரிடமாவது ஒரு வருஷம் தவணை கேட்கலாம், ராணுவத்திடம் யார் போய்த் தவணை கேட்பது? நல்ல விலை இல்லாத நெல்லுக்கு எவன் உரம் போடுவான்? 1967-ல் அரிசிப் பஞ்சம் வந்தது, அரிசி நாட்டில்!

பணத்தையாவது சேர்த்து வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. 1964, 1985, 1987 என்று மூன்று தடவை நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின, மாற்றிக்கொள்ள வழியே தரவில்லை. நாம் 2016-ல் வரிசையில் நின்று அலுத்துக்கொண்டோமே, நமக்காவது வரிசை என்று ஒன்று இருந்தது. புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதம். பதிலுக்கு வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள், நே வினுக்கு ராசியான ஒன்பதால் வகுபட வேண்டும் என்பதற்காக! அந்த வருஷக் கடைசியில்தான் ஐநா அந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது.

மாணிக்கம் மோகோக்கில், பச்சைக்கல் பாகாந்தில், தேக்கு பெகு யோமா மலையில், இயற்கை எரிவாயு கடலில். எதற்கும் குறைவில்லை. வட்டித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தெரிகிறது: பத்திரத்துக்கும் நோட்டுக்கும் நாளைக்கும் மதிப்பு இருக்கும் என்ற நம்பிக்கை போனால், ஐராவதியே இருந்தாலும் கல்லாவில் எதுவும் தங்காது. அப்புறம் அரசியல் சட்டம். 2008-ல் எழுதியதில் நாடாளுமன்ற இடங்களில் கால்வாசி ராணுவத்துக்கு. சட்டத்தைத் திருத்தவோ முக்கால்வாசிக்கு மேல் வாக்கு வேண்டும். கணக்குப் பிள்ளைகளே மெச்சக்கூடிய ஏற்பாடு. அதுவும் போதாமல் 2021 பிப்ரவரி 1-ல் ஆட்சியை மறுபடி பிடித்தார்கள்.

ஆகவே அண்ணன் சொல்லும் பாவக் கணக்கில் ஆள் மாறிவிட்டது. முதலில் நம்மிடம் நிலத்தை இழந்தவனும், பிறகு சொந்த அரசிடம் நெல்லை இழந்தவனும் ஒரே ஆள்தான். அவன் நம்மை விரட்டவும் இல்லை, நம் வயலைத் தின்று கொழுக்கவும் இல்லை.

கடையிலிருந்து கிளம்பும்போது அந்த வீட்டிலிருந்து வந்த தகரப் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். உள்ளே பழுப்பேறிய காகிதங்கள், ராஜா தலை ஸ்டாம்பு, தமிழ்க் கணக்கு, அடியில் வட்ட வட்டமாக ஒரு கையெழுத்து. "பெட்டிக்குத் தனி விலை, காகிதத்துக்குத் தனி விலைண்ணே" என்றார். பேரம் பேசிக் காகிதங்களை மட்டும் வாங்கி வந்திருக்கிறேன். பர்மிய எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், அந்தப் பெயரை மட்டும் படித்துச் சொன்னால் போதும்.