கடைசிக் கட்டத்து வெலையப் பாத்துட்டு என்ற கழுத்தப் புடிக்காதீங்க

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். பழைய காசுக்கு வெலை போட்ட புஸ்தகம்னு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா, அதைய எப்படிப் படிக்கறதுன்னு தெரிய வேண்டாமா? மூணு வாரமா மனசுக்குள்ளயே வெச்சு வெந்துட்டு இருக்கேன், இன்னைக்கு கொட்டியே தீரணும்.

எங்க அம்மிச்சி, எங்கம்மாவைப் பெத்தவங்க, போன மாசம் தவறிட்டாங்க. காங்கயத்துக்குப் பக்கம் தோட்டத்துல காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு அட்டாலியில இருந்த தகரப்பொட்டிய எறக்கிப் பாத்தா, சுருக்குப்பையில வெள்ளக்காரன் காலத்து 23 வெள்ளி ரூபா. நான் பதினாலு வருஷமா காசு சேக்கறவன்னு ஒறம்பரைக்கெல்லாம் தெரியும், அதனால மாமன் போன் போட்டு "மாப்ள, வந்து பாத்துச் சொல்லு"ன்னாரு. நானும் லென்ஸு, சின்னத் தராசு, மொதல்ல சொன்னனே அந்த வெலைப் புஸ்தகம், க்ராஸ் கேட்டலாக்னு பேரு, அது ரெண்டு வால்யூம், எல்லாத்தையும் பையில போட்டுட்டு திருப்பூர்ல இருந்து வண்டிய எடுத்துட்டுப் போறேன், போய்ப் பாத்தா எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க. அத்தை 23 காசையும் புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காநார்ல தேய் தேய்னு தேய்ச்சு குத்துவெளக்கு மாதிரி பளபளன்னு தட்டத்துல அடுக்கி வெச்சிருக்காங்க. "புள்ள பாக்கறதுக்கு லட்சணமா இருக்கட்டும்னுதான் கண்ணு"ன்னாங்க. அவங்களைய என்ன சொல்றது, அவங்க பாசத்துல செஞ்சாங்க. ஆனா நூறு வருஷமா அந்த வெள்ளி மேல படிஞ்ச கருப்புதான் காசுக்குத் தோலு, அதைய உரிச்சுட்டா விக்டோரியா ராணி மூக்கு மேல முடி முடியா கீறல் நிக்குது, சேக்கறவன் எவனும் அதைய ஒரு தடவைக்கு மேல திருப்பிக்கூட பாக்க மாட்டான். தயவுசெஞ்சு கேக்கறேன், கைய எடுத்துக் கும்படறேன், பழைய காசு கெடைச்சா கழுவாதீங்க, தேய்க்காதீங்க, புளிய ரசத்துக்கு வெச்சுக்கங்க.

அடுத்தது மாமன் பையன், என்ற மச்சான், போனைத் தூக்கிட்டு வந்து நின்னான். அந்தக் கேட்டலாக்ல ஒரு பக்கத்தை எவனோ போட்டோ புடிச்சு வீடியோ போட்டிருக்கான், அதுல கடைசிக் கட்டத்துல இருக்கற வெலைய செவப்புல வட்டம் போட்டு, டாலரை ரூபாயாக்கி, "உங்க வீட்டுல இந்தக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி"ங்கறான். மச்சான் அதைய 23ஆல பெருக்கி, எனக்கு முன்னாடியே கணக்கு முடிச்சு வெச்சிருக்கான்!

அந்தப் பக்கத்துல ஒரு காசுக்கு, அது தேஞ்ச நெலைமைக்குத் தகுந்த மாதிரி நாலஞ்சு வெலைக் கட்டம் இருக்குதுங்க. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட். பேருதான் ஃபைனு, நெசத்துல அது நல்லாவே தேஞ்ச காசு. கடைசிக் கட்டம்ங்கறது அடிச்சதுல இருந்து ஒருத்தர் மடியிலயும் புழங்காத காசுக்கு. எங்க அம்மிச்சி காசு கல்யாணத்துக்கு மொய் வெச்சு, மாடு வாங்கி, மாடு வித்து, நாலு காசுல கோக்கறதுக்குக் காது ஒட்டி கழுத்துல வேற போட்டுருந்தது, ஒட்டுன தழும்பு அப்படியே இருக்குது. நான் மாமன்கிட்ட நேராவே கேட்டேன், "ஏனுங் மாமா, கண்ணபுரம் சந்தைக்குப் போறீங்க, காங்கயம் காளைன்னு சொன்ன ஒடனே வெலைய சொல்லிருவீங்களா? பல்லைப் புடிச்சு, சுழியப் பாத்து, நடக்க உட்டுப் பாத்து, அப்பறம்தான துண்டுக்குள்ள வெரலைப் புடிப்பீங்க? காசுக்கும் அப்படித்தானுங்க"ன்னேன். அவரு பதிலே சொல்லலை. மாட்டுக்கு அத்தன சுழி பாக்கற மனுசனுக்கு இது புரியாமையா இருக்கும், கண்ணு முழுக்க அந்த செவப்பு வட்டம்தான் நின்னுது.

நெலைமை பாக்கறதுக்கு முன்னாடி அது என்ன காசுன்னே மொதல்ல கண்டுபுடிக்கணுமே, அதுக்கு ஆராச்சும் பொறுமையா உக்காரறாங்களா? விக்டோரியான்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறாங்க. காசு மேல 1876 வரைக்கும் 'குயின்'னு இருக்கும், 1877ல இருந்து 'எம்ப்ரஸ்'னு இருக்கும். 1862ன்னு போட்ட ரூபாய எடுத்துக்கங்க, அது 1862ல மட்டும் அடிச்சது கெடையாது, அடுத்த பத்து வருஷத்துக்கு மேல அதே 1862 போட்டுத்தான் அடிச்சாங்க, எந்த வருஷத்துதுன்னு கண்டுக்கறதுக்கு பின்பக்கம் ஊசிமுனை அளவுல புள்ளி வெச்சிருப்பாங்க. அந்தப் புள்ளிய எண்ணணும், ராணி சட்டைல முன்னாடி பூவேலைப் பட்டை எப்படி இருக்குதுன்னு பாக்கணும், அதைய வெச்சு வெலை மேலயும் கீழயும் போகும். அஞ்சாம் ஜார்ஜுன்னா பின்பக்கம் கீழ இருக்கற பூவுக்கு அடியில புள்ளி இருந்தா பம்பாய்ல அடிச்சது, இல்லீன்னா கல்கத்தாவுல அடிச்சது. 1911ல வந்த ஜார்ஜ் ரூபாய்ல ராஜா அங்கில இருக்கற யானைக்கு தும்பிக்கை குட்டையாப் போயி பன்னி மாதிரி தெரியுதுன்னு பெரிய கலாட்டாவாகி, திரும்ப வாங்கி உருக்குனாங்க, அடுத்த வருஷம் யானைய சரி பண்ணித்தான் அடிச்சாங்க. அதனால 1911க்கும் 1912க்கும் ஒரே மூஞ்சி, வெலை வேற வேற. 1940ல இருந்து வந்த ஆறாம் ஜார்ஜ்ல வெள்ளியே பாதிதான், 1947ல அடிச்சது வெறும் நிக்கல். புஸ்தகம் இத்தனையும் சொல்லுது, நம்பர் போட்டு, எடை போட்டு, படம் போட்டு சொல்லுது. அந்தப் புஸ்தகத்தோட அருமையே இதுதானுங்க! அதைய உட்டுப்போட்டு வெலையை மட்டும் கிழிச்சு எடுத்துக்கறாங்க.

இந்த வீடியோக்காரங்களைய நெனைச்சா வயிறு எரியுது. 2012ன்னு போட்ட வைஷ்ணவிதேவி அஞ்சு ரூபாய்க்கு பத்து லட்சமாம். 1818ன்னு போட்டு ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கற கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா அரிசிய இழுக்குமாம், கோடியாம். கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல சாமி உருவம் போட்டு தங்கத்துல பகோடாங்கற வராகன் காசு அடிச்சது நெசம், அதுக்காக இந்த செம்புத்தகடு கம்பெனி காசாகிருமா? அது பொறவு எவனோ அடிச்ச டோக்கனுங்க. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எங்க பேரைச் சொல்லி பழைய காசு வாங்கறோம் விக்கறோம்னு கமிஷன், வரி கேட்டா நம்பாதீங்கன்னு அறிக்கை உட்டுச்சு. அதுக்கப்பறமும் எங்க வீதியில ஒரு அக்கா 'ரிஜிஸ்ட்ரேஷன்'னு பணங்கட்டி ஏமாந்து, புருசனுக்குத் தெரியாம அழுதுட்டு ஒக்காந்திருந்தாங்க.

வியாபாரிகள்ல சில பேரும் லேசுப்பட்டவங்க கெடையாது. கோயமுத்தூர்ல ஒரு காசுக் கண்காட்சியில நான் ஒரு ஏழாம் எட்வர்டு ராஜா ரூபா விக்கப் போனப்ப "தம்பி, இது ஃபைன்தான்"னு மொதக் கட்டத்துல வெரலை வெச்சு, அதுலயும் பாதிதான் தருவேன்னாரு. நான் குடுக்காம திரும்பிட்டேன். அவரு டேபிள்லயே அதைய விட தேஞ்ச எட்வர்டு ஒண்ணு, அதுக்கு மூணாவது கட்டத்து வெலை எழுதி ஒட்டியிருக்குது! கடை வாடகை, லாபம் எல்லாம் வேணும், புஸ்தக வெலைங்கறதே அவங்க நமக்கு விக்கற வெலைதான், அதுல கொறைச்சுத்தான் வாங்குவாங்க, அதைய நான் ஒத்துக்கறேன். ஒரே ஆளு வாங்கும்போது ஒரு கண்ணுலயும் விக்கும்போது ஒரு கண்ணுலயும் பாக்கறது எந்த ஊரு நாயம்?

சரி, நம்ம காசுக்கு வரேன். 11.66 கிராம், 917 டச்சு, அதாவது ஆயிரத்துல 917 பங்கு வெள்ளி, அப்படின்னா ஒரு ரூபாய்ல கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. இருவத்தி ரெண்டு காசு வெள்ளி வெலைக்கு மேல கொஞ்சம்தான் போகும்னு உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரே ஒரு 1862 மட்டும் எனக்கு சந்தேகமா இருந்துது, புள்ளி இருக்கற எடத்துல சாம்பல் அப்பிக்கிச்சு, "மாமா, இதைய நான் ஒரு நாள் வெச்சிருந்து பாத்துட்டு சொல்றனுங்க"ன்னு கேட்டேன். அங்கதான் வந்துது வெனை. மச்சான் பட்டுனு, "நல்லதை நீங்க அமுக்கிக்கலாம்னா பாக்கறீங்க?"ன்னுட்டான். எங்கம்மா அங்கயே ஒக்காந்திருக்குது. அதோட ஆத்தா பொட்டியில இருந்த காசுங்க அது. அம்மா ஒண்ணும் பேசலை, முந்தானைய எடுத்து மூஞ்சில வெச்சுக்கிச்சு. நான் லென்ஸை எடுத்துப் பையில போட்டுட்டு வந்துட்டேன்.

நாலு நாள் கழிச்சு அத்தைதான் போன் பண்ணாங்க. லட்சம் வரலைங்கற ரோசத்துல மாமன் 23 காசையும் டவுன்ல ஒரு வெள்ளிக் கடையில எடை போட்டுக் குடுத்துட்டாராம். நான் ஒடனே அந்தக் கடைக்கு வண்டிய முடுக்கிட்டு ஓடுனேன். "அன்னைக்கு சாயங்காலமே உருக்கியாச்சே தம்பி"ன்னாரு கடைக்காரரு. அந்த 1862ல ஒரு புள்ளி வரைக்கும்தான் பாத்திருந்தேன், சாம்பலுக்கு அடியில இன்னும் எத்தன இருந்துதுன்னு இனி ஆரு சொல்லுவாங்க?