எலிக்கு ஊக்க மருந்து கொடுத்தால் வேகமாகக் கற்றுக்கொள்ளுமா?

"ஊக்க மருந்து கொடுத்த எலி இரண்டு மடங்கு வேகமாகக் கற்றது, தூக்க மருந்து கொடுத்தது மந்தமாகிவிட்டது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே மாத்திரைதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஒரு மருந்து என்ன செய்யும் என்பது அதன் பெயரை மட்டும் வைத்தல்ல, செயல் எந்த முறையில் நடக்கிறது என்பதையும் பொறுத்தது.

1955-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பீட்டர் டியூஸ் என்ற மருந்தியல் ஆய்வாளர் புறாக்களை வைத்துச் சோதித்தார். ஒரு கூண்டு, சுவரில் ஒரு பொத்தான், கொத்தினால் தீனி. ஒரு முறையில் 50 கொத்துக்கு ஒரு தீனி, அப்போது புறா விடாமல் டக்டக்கென்று கொத்தும். இன்னொரு முறையில் 15 நிமிடம் கழிந்த பிறகு கொத்தினால்தான் தீனி, அதனால் தொடக்கத்தில் சும்மா நின்றுவிட்டு நேரம் நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை ஒரே அளவில் கொடுத்தபோது முதல் முறையில் கொத்துவது கூடியது, இரண்டாவதில் குறைந்தது. தூக்க மருந்துதான், ஆனால் கூடியது!

ஊக்க மருந்தான ஆம்பெட்டமினும் அப்படித்தான், மெதுவாக நடக்கிற செயலைக் கூட்டும், ஏற்கெனவே வேகமாக நடப்பதைப் பெரும்பாலும் குறைத்துவிடும். அப்புறம், அதிகம் கொத்துவது வேறு, கற்பது வேறு. அந்தப் புறாக்கள் மருந்து கொடுப்பதற்கு முன்பே கொத்தப் பழகியவை.

சந்தேகம் இருந்தால் 'ஜர்னல் ஆஃப் பார்மகாலஜி அண்ட் எக்ஸ்பெரிமென்டல் தெரபியூட்டிக்ஸ்' இதழின் 1955 தொகுதியில் டியூஸின் கட்டுரையைப் பாருங்கள். ஆம்பெட்டமின் பழக்கமாகிவிடக்கூடியது, மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.